முகத்தின்மேல் விழுந்த வெட்டு: யூதேயக் காசுகளும் நம் மண்ணின் புதையல்களும்

அயலார் ஆட்சிக்கு உட்பட்டிருந்த யூத நிலத்தின் பழங்காசுகளைச் சேகரிப்போர் உலகெங்கும் உள்ளனர். அவற்றுட் பெரும்பாலானவை விரல்நுனியில் அடங்கும் செப்புக் காசுகள், அழகும் அதிகமில்லை. ஆயினும் ஆட்சி மாறுந்தோறும் எழுத்தும் மொழியும் உருவமும் எவ்வாறு மாறின என்பதை ஆண்டுவாரியாகக் காட்டும் சான்று இவற்றைப்போல் வேறொன்று அரிது. மொழியியல் பயின்ற என்னை இக்காசுகளின்பால் ஈர்த்ததும் அதுவே.

பாரசீகர் ஆட்சியில், கி.மு. 4ஆம் நூற்றாண்டில், அந்நிலம் 'யெஹூத்' என்னும் மாகாணம். அப்பெயரை மூன்றே எழுத்துகளில் தாங்கிய மிகச்சிறு வெள்ளிக்காசுகள் அங்கு வெளியாயின. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹஸ்மோனிய அரசர்கள் தம் பெயரைப் பழைய எபிரேய எழுத்தில் பொறித்தனர். அன்றாட வழக்கில் அரமேய எழுத்து பரவிவிட்ட காலம் அது. காசில் பழைய எழுத்தை மீட்டது அரசியல் அறிவிப்பு. அதே மரபில் வந்த அலெக்சாந்தர் யன்னேயுஸ் எபிரேயத்தோடு கிரேக்கத்தையும் சேர்த்தான். ரோமின் ஆதரவால் அரசனான ஏரோதின் காசுகளில் கிரேக்கம் மட்டுமே எஞ்சியது. கி.பி. 6 முதல் ரோம ஆளுநர்கள் வெளியிட்ட செப்புக் காசுகளில் பேரரசரின் பெயர் உண்டு, முகம் இல்லை. உருவங்களை ஏற்காத மக்களின் உணர்வுக்கு ஆட்சி அளித்த இடம் அது. பொந்தியு பிலாத்து மட்டும் ரோமச் சமயச் சடங்குக்குரிய வளைகோலையும் அகப்பையையும் தன் காசுகளில் பொறித்தான்.

கி.பி. 66இல் கிளர்ச்சி வெடித்ததும் 'எருசலேம் தூயது' என்னும் தொடருடன் பழைய எபிரேய எழுத்து வெள்ளிக்காசில் மீண்டது. கி.பி. 70இல் நகரம் வீழ்ந்தது. வெஸ்பாசியன் வெளியிட்ட வெற்றிக் காசுகளில் பேரீச்சையின் கீழ் அமர்ந்து அழும் பெண்ணாக யூதேயா நின்றது. கி.பி. 132 முதல் 135 வரை நடந்த பார் கோக்பா கிளர்ச்சியில் புதிதாக உலோகம் உருக்கப்படவில்லை. புழக்கத்திலிருந்த காசுகளையே எடுத்து அவற்றின்மேல் தம் அச்சைப் பதித்தனர். இன்றும் சில காசுகளில் எபிரேய எழுத்துக்கு அடியில் பேரரசரின் மூக்கோ தாடையோ மங்கலாகத் தெரியும்.

இவ்வரலாற்றுக்கும் திருவனந்தபுரத்திற்கும் என்ன தொடர்பு என்ற வினா எழலாம். தொடர்பு திபேரியசின் காசுகளில் இருக்கிறது.

பேரரசருக்கு வரி செலுத்துவது முறையா என்று இயேசுவிடம் வினவியபோது, அவர் ஒரு தினாரியத்தைக் கொண்டுவரச்செய்து, அதிலுள்ள உருவம் யாருடையது என்று கேட்டதாக நற்செய்தி நூல்கள் கூறுகின்றன. எந்தப் பேரரசரின் காசு என்பதை அவை சொல்லவில்லை. 'பொந்திஃப் மாக்சிம்' என்ற பொறிப்புடைய திபேரியசின் வெள்ளித் தினாரியமே அது என்பது பின்னாளில் வழங்கிய அடையாளம். அந்த அடையாளத்தால் அக்காசுக்குச் சேகரிப்பாளரிடையே தனி மதிப்பு உண்டு. ஆனால் யூதேய அகழாய்வுகளில் அக்காலத்துத் தினாரியம் அரிதாகவே கிடைக்கிறது. மிகுதியாகக் கிடைப்பது தென்னிந்தியாவில். கோவை, கரூர் வட்டாரப் புதையல்களில் அகஸ்டசின் ஒரு வகையும் திபேரியசின் இவ்வகையுமே பெரும்பான்மை. ஓர் அடிமை நாட்டின் வரிக் காசு என்று உலகம் போற்றும் அதே காசு, கொங்கு நாட்டில் மிளகுக்கும் மணிக்கும் ஈடாக வந்த வெள்ளி. அங்கே அதன் முகம் ஒரு சமயச் சிக்கல். இங்கே அதன் எடைதான் பொருள்.

பொற்காசுகளின் வரலாறு நம் நகரத்தையே தொடுகிறது. 1847இல் வடமலபாரில், கண்ணூரை அடுத்த கோட்டயத்தில் (இன்றைய கோட்டயம் நகரம் அன்று), பல நூறு ரோமப் பொற்காசுகள் வெளிப்பட்டன. கண்டவர்கள் செய்தியை மறைத்ததால் பெரும்பகுதி பொற்கொல்லர் உலைக்குச் சென்றது. தப்பியவற்றுள் ஒரு பகுதி திருவிதாங்கூர் அரசர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மரின் சேகரிப்பை அடைந்தது. அவற்றை விவரிக்கும் சிறுநூல் 1851இல் திருவனந்தபுரத்தில் அச்சாயிற்று. எழுதியவர், ஐந்தாண்டு கழித்துத் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட இராபர்ட் கால்டுவெல். மயிலைக் குறிக்கும் எபிரேயச் சொல் 'துக்கி' நம் 'தோகை'யிலிருந்து சென்றது என்று வாதிட்டவரும் அவரே. சொல்லையும் காசையும் ஒரே கடல்வழியின் இரு சரக்குகளாக அவர் கண்டிருந்தார். ஆயினும் அந்நூலின் தலைப்பு காசுகள் கிடைத்த இடத்தைக் 'கள்ளிக்கோட்டைக்கு அருகில்' என்கிறது; பின்வந்தோர் கண்ணூர் என்றும் கோட்டயம் என்றும் எழுதினர். அரசரின் பேழைக்குள் சென்ற காசு பிழைத்தது. அது கிடந்த மண் பிழைக்கவில்லை.

மண் ஏன் வேண்டும் என்பதற்குப் புதுக்கோட்டைப் புதையல் நல்ல சான்று. 1898இல் கருக்காக்குறிச்சியில் 501 ரோமப் பொற்காசுகள் கிடைத்தன. பிரித்தானிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜி. எஃப். ஹில் அவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். காலத்தால் பிந்தியவை வெஸ்பாசியனுடையவை, அதாவது யூதேயாவை வென்றவனுடையவை. பெரும்பாலான காசுகளில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் ஆழமான வெட்டு விழுந்திருக்கிறது. உள்ளே பொன்தானா என்று சோதித்த வெட்டு என்பர் சிலர். காசு நாணயமாகச் செல்லாது, பொன்னாக மட்டுமே செல்லும் என்று அறிவிக்கும் வெட்டு என்பர் வேறு சிலர். சோதனைக்கு ஓரத்தில் ஒரு கீறல் போதும்; வெட்டு முகத்தையே தேடி விழுந்திருப்பதால் இரண்டாவது விளக்கமே எனக்கு வலுவுடையதாகத் தோன்றுகிறது.

இப்போது இரு காசுகளை அருகருகே வைத்து எண்ணுக. ஒன்று பார் கோக்பாவின் மேலச்சால் முகம் மறைந்தது. மற்றொன்று புதுக்கோட்டையில் உளியால் முகம் சிதைந்தது. இரண்டிலும் அழிக்கப்பட்டது ரோமப் பேரரசரின் முகம். முன்னது ஆளப்பட்டவரின் எதிர்ப்பு. பின்னது ரோமின் ஆணை எட்டாத நாட்டின் வணிக நடைமுறை. கிடைத்த இடத்தை நீக்கிவிட்டால், புதுக்கோட்டைக் காசையும் கிளர்ச்சியின் சின்னமாக ஒருவர் விளக்கிவிட முடியும். அதை மறுக்கச் சான்று காசில் இராது, மண்ணில்தான் இருந்தது.

சேரர் காசுகள் இவ்வொப்பீட்டை இன்னும் கூர்மையாக்குகின்றன. கரூரில் கிடைத்த மாக்கோதையின் வெள்ளிக்காசில் அரசனின் தலை ரோமக் காசின் பாணியில் அமைந்துள்ளது. பெயரோ தமிழியில் உள்ளது. ரோமின் முகக்கலையைச் சேரன் கட்டாயத்தால் ஏற்கவில்லை, விரும்பி எடுத்துக்கொண்டான். எழுத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அதிகாரத்தின் கீழ் இருந்த யூதேயாவில் முகமும் எழுத்தும் போர்க்களம். அதிகாரத்திற்கு வெளியே இருந்த சேரநாட்டில் அவை தேர்வு.

ஆகவே, சேகரிப்பில் ஆர்வமுள்ள மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதையல் சட்டப்படி, புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும். ஊரில் எவருக்கேனும் பழங்காசு கிடைத்ததாகக் கேள்விப்பட்டால், விலையைப் பற்றிப் பேசுமுன் இச்செய்தியை அவர்களுக்குச் சொல்லுங்கள். நிலத்தின் பெயர், கலத்தின் வடிவம், உடன்கிடந்த பொருள்கள் ஆகியவற்றைக் குறித்துவைக்கச் செய்யுங்கள். திருச்சூர் மாவட்டத்து எய்யால் புதையலில் ரோமப் பொன்னும் வெள்ளியும் நம் நாட்டு முத்திரைக் காசுகளும் ஒன்றாகக் கிடந்தன என்ற ஒரே குறிப்பு, அக்காலத்தில் எவையெல்லாம் ஒருவர் கையில் சேர்ந்து புழங்கின என்பதை நமக்குச் சொல்லிவிடுகிறது. தனித்தனியே விற்கப்பட்டிருந்தால் அவை மூன்று வகைக் காசுகளாக மட்டும் எஞ்சியிருக்கும்.

நெடுமங்காட்டுக் கோயிக்கல் அரண்மனையின் நாணய அருங்காட்சியகம் இங்கிருந்து ஒரு பேருந்துப் பயணம்தான். அங்குள்ள ரோமக் காசுகளைக் காணும்போது முதலில் முகத்தைப் பாருங்கள். பிறகு அது எங்கே கிடைத்தது என்று கேளுங்கள்.