பழைய வீட்டை ஜே.வி.க்கு கொடுக்கப் போறீங்களா? இடிக்கும் முன் வீட்டுக்காரரும் பில்டரும் பார்க்க வேண்டியவை

சென்னையில் மாம்பலம், நங்கநல்லூர், கொளத்தூர் என எங்கே போனாலும், பழைய தனி வீடு இருந்த இடத்தில் நாலு, ஆறு ஃபிளாட் எழும்பி நிற்பதைப் பார்க்கலாம். இவற்றில் பல 'ஜே.வி.' எனப்படும் ஜாயின்ட் வென்ச்சர் முறையில் கட்டப்படுபவை. இடம் வீட்டுக்காரருடையது. கட்டும் செலவு பில்டருடையது. முடிந்ததும் பேசிய விகிதப்படி ஃபிளாட்டுகளைப் பிரித்துக்கொள்வார்கள்.

கேட்க சிம்பிளாகத்தான் இருக்கும். ஆனால் வேலை பாதியில் நின்றால், வீட்டுக்காரர் இருந்த வீட்டையும் இழந்து வாடகை வீட்டில் மாட்டிக்கொள்வார். பில்டரின் முதலீடும் முடங்கிவிடும். இதைத் தவிர்க்க என்ன செய்யலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

ரெரா காப்பாற்றாதா?

பலரும் நினைப்பது இதைத்தான். ஆனால் 2016 ரியல் எஸ்டேட் சட்டத்தில் சின்ன கட்டடங்களுக்கு விலக்கு உண்டு. நிலம் 500 சதுர மீட்டருக்குள், ஃபிளாட்டுகள் 8-க்குள் என்று இருந்தால் ரெராவில் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. 500 சதுர மீட்டர் என்பது சுமார் 5,382 சதுர அடி. அதாவது இரண்டு கிரவுண்டுக்குக் கொஞ்சம் அதிகம். ஒரு கிரவுண்டில் கட்டும் ஆறு ஃபிளாட் இந்த விலக்குக்குள் வந்துவிடும்.

பதிவு பெற்ற திட்டங்களில், வாங்குபவர்கள் தரும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும். கட்டுமானத்தில் குறை தெரிந்தால் 5 ஆண்டுகள் வரை பில்டர் சரிசெய்து தர வேண்டும். சின்ன ஜே.வி.யில் இதெல்லாம் தானாகக் கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது. ஒப்பந்தத்தில் எழுதி வைத்தால்தான் உண்டு.

பங்கு கணக்கு எப்படி?

தமிழ்நாட்டில் உயரமில்லாத கட்டடங்களுக்குப் பொதுவான எஃப்.எஸ்.ஐ. அளவு 2. ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடியில் அதிகபட்சம் 4,800 சதுர அடி கட்டலாம். சாலை அகலம், பக்க இடைவெளி, பார்க்கிங் விதிகளைப் பொறுத்து இது குறையலாம்.

உதாரணமாக, 800 சதுர அடியில் 6 ஃபிளாட் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் நிலத்தில் 400 சதுர அடி பிரிபடாத பங்கு வரும். இதைத்தான் யு.டி.எஸ். என்கிறார்கள். 50:50 ஒப்பந்தம் என்றால் வீட்டுக்காரருக்கு 3 ஃபிளாட், 1,200 சதுர அடி யு.டி.எஸ். பில்டருக்கும் அதே அளவு.

'ஆளுக்குப் பாதி' என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த மாடி, எந்தப் பக்கம், எந்த கார் பார்க்கிங், கார்பெட் ஏரியா எவ்வளவு என்பதை வரைபடத்துடன் இணைக்க வேண்டும். எஃப்.எஸ்.ஐ. கூடுதலாகக் கிடைத்தால் அது யாருக்கு, மொட்டை மாடி யாருக்கு என்பதையும் இப்போதே பேசி முடிப்பது நல்லது.

பவர் பத்திரத்தில்தான் விஷயமே

பில்டர் தன் பங்கு ஃபிளாட்டுகளை விற்க, வீட்டுக்காரர் பவர் பத்திரம் எழுதித் தருவார். இங்கேதான் பலர் அவசரப்பட்டு மொத்த நிலத்துக்கும் பவர் கொடுத்துவிடுகிறார்கள்.

மேலே சொன்ன உதாரணத்தில் 1,200 சதுர அடி யு.டி.எஸ்.க்கு மட்டும் விற்பனைப் பவர் கொடுத்தால் போதும். அதையும் கட்டம் கட்டமாகப் பிரிக்கலாம். தளம் போட்டு முடித்ததும் முதல் ஃபிளாட், பூச்சு வேலை முடிந்ததும் இரண்டாவது, வீட்டுக்காரரின் 3 ஃபிளாட் சாவியும் கைக்கு வந்த பிறகு மூன்றாவது என்று எழுதலாம். வேலைக்குத் தேவையான பணம் பில்டருக்கு அவ்வப்போது கிடைக்கும். வீட்டுக்காரர் கையிலும் கடைசி வரை ஒரு பிடி இருக்கும்.

வீட்டுக்காரரின் பங்கை அடமானம் வைக்கும் அதிகாரம் பில்டருக்குக் கிடையாது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். மூலப் பத்திரத்தைக் கைமாற்றும் முன் வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். வேலை நடக்கும்போதே சில மாதங்களுக்கு ஒருமுறை ஆன்லைனில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பதும் நல்லது.

பில்டர் எதைப் பார்க்க வேண்டும்?

அட்வான்ஸ் கொடுக்கும் முன் இவற்றைச் சரிபார்க்க வேண்டும்:

• வில்லங்கச் சான்று: குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் பார்ப்பது வழக்கம். பதிவு செய்யாத உயில், வாய்மொழி வாடகை போன்றவை இதில் தெரியாது. அதனால் இடத்துக்கு நேரில் போய் விசாரிப்பதும் அவசியம்.

• பட்டா: இது வருவாய்த் துறை ஆவணம். பட்டா பெயரில் இருப்பதாலேயே முழு உரிமை வந்துவிடாது. தாய்ப் பத்திரத்தில் இருந்து தொடர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

• வாரிசுகள்: அப்பா பெயரில் இருந்த வீடு என்றால் எல்லா வாரிசுகளின் கையெழுத்தும் வேண்டும். 'தங்கச்சிக்குத்தான் கல்யாணத்துலயே எல்லாம் செஞ்சாச்சே' என்று விட்டுவிடக் கூடாது. பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் சம பங்கு தரும் சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் 1989-லேயே வந்துவிட்டது. 2005-ல் நாடு முழுவதும் வந்தது.

• மைனர்: வாரிசுகளில் மைனர் இருந்தால், அவர் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி தேவைப்படும்.

• அளவு: பத்திரத்தில் 2,400 சதுர அடி இருந்தாலும், அளந்து பார்த்தால் குறையலாம். சர்வேயரை வைத்து அளந்த பிறகே பங்கு பேச வேண்டும்.

ஒப்பந்தத்தில் கட்டாயம் இருக்க வேண்டியவை

• பிளான் அப்ரூவல் வாங்க எவ்வளவு நாள், அதன் பிறகு கட்டி முடிக்க எத்தனை மாதம்
• தாமதமானால் மாதம் எவ்வளவு இழப்பீடு
• வேலை முடியும் வரை வீட்டுக்காரரின் வாடகையை யார் தருவது
• அட்வான்ஸ் திருப்பித் தர வேண்டியதா, இல்லையா
• சிமென்ட், கம்பி, டைல்ஸ், வயரிங் எந்தத் தரம்
• கட்டுமானக் குறைகளுக்கு எத்தனை ஆண்டு பொறுப்பு
• வேலை நின்றுபோனால் ஒப்பந்தத்தை எப்படி ரத்து செய்வது, செலவான பணத்துக்கு என்ன கணக்கு

அனுமதியை மீறி ஒரு மாடி கூடுதலாகக் கட்டினால் அந்தக் கட்டடத்துக்கே சீல் வைக்க சட்டத்தில் இடம் உண்டு. அதில் வீட்டுக்காரரின் ஃபிளாட்டும் சேர்த்துத்தான் மாட்டும். எனவே அப்ரூவல் பிளானின் நகலை வீட்டுக்காரரும் கையில் வைத்திருக்க வேண்டும்.

வரி விஷயம்

2017 நிதிச் சட்டம் கொண்டுவந்த விதிப்படி, தனிநபர் ஜே.வி.க்கு இடம் கொடுத்தால், கட்டி முடித்ததற்கான சான்று கிடைக்கும் ஆண்டில்தான் மூலதன ஆதாய வரி வரும். ஆனால் ஒப்பந்தம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். சான்று வரும் முன்பே தன் பங்கை விற்றால் இந்தச் சலுகை போய்விடும். பதிவு செய்யாமல் வெறும் பத்திரத்தில் எழுதி வைத்துக்கொள்பவர்கள் இழப்பது இதையும் சேர்த்துத்தான்.

அட்வான்ஸை ரொக்கமாக வாங்கவும் வேண்டாம். சொத்துக்காக 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கினால், அதே அளவு தொகை அபராதமாக வரலாம்.

பிரச்னை வந்தால் எங்கே போவது?

'நாமளும் பார்ட்னர்தானே, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியுமா?' என்ற சந்தேகம் வரும். முடியும். ஃபகீர் சந்த் குலாட்டி வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. பெயர் ஜாயின்ட் வென்ச்சர் என்று இருந்தாலும், லாப நஷ்டத்திலும் நிர்வாகத்திலும் பங்கில்லாமல் இடத்தைக் கொடுத்து ஃபிளாட் வாங்கிக்கொள்பவர் நுகர்வோர்தான் என்பது அந்தத் தீர்ப்பு. பொதுவாக, பிரச்னை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

அங்கேயும் முதலில் கேட்கப்படுவது ஒப்பந்தம்தான். அதனால் பில்டரின் வக்கீல் தயாரித்த டிராஃப்டில் அப்படியே கையெழுத்து போடாமல், வீட்டுக்காரர் தனக்கென்று ஒரு வக்கீலிடம் காட்டிவிடுவது நல்லது. ஒப்பந்தம் பதிவாகி, பிளான் அப்ரூவலும் கைக்கு வந்த பிறகு வீட்டைக் காலி செய்தால் போதும்.