காண்டன் துறைமுக ஆங்கிலமும் சீனர் பண்பாடும்

முன்னுரை

ஓர் இனத்தார் வேற்றுமொழிச் சொற்களைக் கற்குங்கால் தம் பண்பாட்டைப் புறத்தே நிறுத்திவிட்டுக் கற்பதில்லை. இதற்குத் தக்கதொரு சான்று, சீனநாட்டுக் காண்டன் துறைமுகத்தில் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் வழங்கிய ‘பிட்ஜின்’ ஆங்கிலமாகும். வணிகத்தைக் குறிக்கும் ‘பிசினஸ்’ என்னும் சொல்லின் திரிபே ‘பிட்ஜின்’ என்பர் பெரும்பான்மையோர். இதனைச் சிதைந்த ஆங்கிலம் எனக் கூறி ஒதுக்குவாரும் உளர். அது வெறுஞ் சிதைவன்று. கற்ற சீனர்தம் வாழ்க்கை நெறியால் ஒழுங்குபெற்ற சொற்றொகுதியே என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

தோற்றச் சூழல்

1557-இல் மக்காவில் குடியேறிய போர்த்துக்கீசியரின் மொழியே அக்கடற்கரையில் முதற்கண் வணிக மொழியாக வழங்கியது. பின்னர் ஆங்கிலேயர் வணிகம் பெருகியது. 1757-இல் சியென்லுங் பேரரசர் ஐரோப்பியரின் கடல் வணிகத்தைக் காண்டன் ஒன்றிற்கே வரையறுத்தார். அங்குள்ள குறைகளை அரசுக்கு உணர்த்த, 1759-இல் ஜேம்ஸ் பிளிண்ட் என்னும் ஆங்கிலேயர் சீனமொழியில் எழுதிய விண்ணப்பத்துடன் வடக்கே சென்றார். அதன் விளைவாகப் பிளிண்ட் மூன்றாண்டு சிறைப்பட்டார். விண்ணப்பம் எழுத உதவிய சீனரோ கொலைத்தண்டம் பெற்றார். அயலார்க்குச் சீனமொழி கற்பித்தல் அதன்பின் உயிர்க்கே இறுதி தரக்கூடிய செயலாயிற்று. மறைவாகக் கற்ற அயலார் மிகச் சிலரே. ஆதலின் மொழி கற்கும் சுமை பெரிதும் சீன வணிகர், துபாசிகள், ஏவலாளர் ஆகியோர்மேல் வீழ்ந்தது. இந்நிலையை மறந்து அவர்தம் பேச்சை எள்ளுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது.

சொற்சுவடிகள்

அம்மக்களுள் பெரும்பாலோர்க்குப் பள்ளியும் இல்லை, ஆசிரியரும் இல்லை. கடைத்தெருவில் விற்ற சிறு சுவடிகளே அவர்க்குத் துணை. வில்லியம் ஹண்டர் என்னும் அமெரிக்க வணிகர் 1882-இல் வெளியிட்ட தம் நூலில், ‘பேய்களின் பேச்சு’ எனப் பொருள்படும் பெயருடைய சுவடியொன்றைக் குறிப்பிடுகின்றார். அயலாரைப் பேயென்பது அந்நாளைய வழக்கு. செம்மயிரர் வழங்கும் அயன்மொழி என்னும் பொருள்படும் தலைப்புடைய மற்றொரு சுவடி, நானூற்றுக்கும் குறைந்த சொற்களையே உடையது. வணிகமும் எண்ணும், மாந்தர், பேச்சு, உணவு முதலியனவாக அது பகுக்கப்பட்டுள்ளது.

இச்சுவடியில் ரோமன் எழுத்து ஒன்றேனும் இல்லை. ஆங்கிலச் சொல்லின் ஒலி, காண்டனியர் ஒலிக்கும் முறைப்படி சீன எழுத்துகளாலேயே காட்டப்பெற்றது. ‘மேக்’ என்பது ‘மேக்கீ’ எனவும், ‘பீஸ்’ என்பது ‘பீசீ’ எனவும் ஈற்றில் உயிர் பெற்று வழங்கியது சீன அசையமைப்பின் செல்வாக்கால் எனலாம்.

சொல்லும் பண்பாடும்

சீனமொழியில் எண்ணுப்பெயர் பொருட்பெயரோடு நேரே சேராது. இடையே அளவைச் சொல் ஒன்று வருதல் வேண்டும். அவ்விடத்தைக் காண்டன் ஆங்கிலத்தில் ‘பீசீ’ நிரப்பிற்று. ‘ஒன் பீசீ மேன்’ என்றால் ஓர் ஆள். ஆங்கிலேயர் காதுக்கு நகைப்பாகத் தோன்றிய இத்தொடர், சீன இலக்கணத்தின் வழுவாத நெறியில் அமைந்ததாகும்.

‘சின்-சின்’ என்பது ‘அருள்கூர்க’ என வேண்டும் சீனச்சொல்லின் இரட்டிப்பு. வந்தாரை வணங்குவதும் அதுவே; தெய்வத்தை வழிபடுவதும் அதுவே. தெய்வத்திற்கு வழங்கிய ‘ஜாஸ்’ என்னும் சொல், போர்த்துக்கீசிய ‘தேவுஸ்’ என்பதன் திரிபு. ‘ஜாஸ்-பிட்ஜின்’ என்பது சமயம். வணிகத்தைக் குறித்த ‘பிட்ஜின்’ இங்கே ‘காரியம்’ என விரிந்தது. ஒருவர்க்குரிய செயல் யாவும் அவர்தம் ‘பிட்ஜின்’ ஆயின.

முத்திரையைக் குறிக்கும் இந்திய மொழிச்சொல்லாகிய ‘சாப்’ என்பதன் வளர்ச்சி இன்னும் சிறப்புடைத்து. அது முத்திரையையும், முத்திரையிட்ட ஆணையையும், கப்பல் புறப்பட இசைவளிக்கும் ஓலையையும், ஒரே குறியிட்ட தேயிலைத் தொகுதியையும் குறித்து, இறுதியில் தரத்தையே உணர்த்தியது. முதற்றரப் பொருள் ‘பர்ஸ்ட் சாப்’ எனப்பட்டது. முத்திரையின்றி எதுவும் நிகழாத ஆட்சிமுறையே ஒரு சொல்லுக்கு இத்துணைப் பொருளை ஈந்தது. பண்டசாலையைக் குறித்த ‘கோடவுன்’ என்னும் சொல்லும் அங்கு வழங்கியது. அது மலாய்மொழி வழியே சென்றது. அதன் மூலம் தமிழ்க் ‘கிடங்கு’ அல்லது அதன் தெலுங்கு இணைச்சொல் எனக் கருதுவோர் உளர்.

பிற்கால மாற்றம்

1842-ஆம் ஆண்டு நான்கிங் உடன்படிக்கையால் ஐந்து துறைமுகங்கள் திறக்கப்பெற்றன. காண்டனின் தனியுரிமை மறைந்தது. 1862-இல் பீக்கிங்கில் அரசு மொழிப்பள்ளி தோன்றியது. அவ்வாண்டிலேயே டாங் டிங்ஷு என்னும் காண்டன் பகுதியினர் ஆறு தொகுதிகளில் ஆங்கிலச் சொற்றொகை வெளியிட்டார். ஹாங்காங்கில் கிறித்தவ அறநிறுவனப் பள்ளியிற் பயின்ற அவர், நல்லாங்கிலத்தோடு துறைமுக வழக்கையும் ஆங்காங்கே குறித்துள்ளமை நோக்கத்தக்கது. நூலாங்கிலம் பெருகப் பெருகப் பழைய வழக்கு மதிப்பிழந்தது. 1876-இல் சார்லஸ் லேலண்ட் வெளியிட்ட பிட்ஜின் பாட்டுத்தொகுதி அதனை நகைச்சுவைப் பொருளாக்கிற்று.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இரண்டு. ஒன்று, காண்டன் ஆங்கிலத்தின் சொற்குறைவுக்குக் காரணம் கற்றோரின் அறிவுக்குறை அன்று. வணிகத்தளவில் வேலியிட்ட அரசு நெறியே. மற்றொன்று, அச்சிறு தொகுதிக்குள்ளும் சீனர் தம் எண்ணுமுறை, விருந்தோம்பல், வழிபாடு, ஆட்சி ஆகியவற்றை அயற்சொற்களில் அமைத்துக்கொண்டனர். பிறமொழி கற்போரின் பேச்சை ஆராய்வோர் வழுக்களை மட்டும் தொகுப்பின் இவ்வுண்மை புலப்படாது. எவ்வழு எப்பண்பாட்டின் இலக்கணம் என வினவுதலே வரலாற்றாசிரியர் கடனாம்.