ஐஸும் உப்பும்: ஓட்டோவின் சொக், ஸ்னோமொபைலின் சொக்

முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு: ஓட்டோ. முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று: ஸ்னோமொபைல். திருகோணமலை உட்துறைமுக வீதியில் ஓடும் வண்டியையும் ஒன்ராறியோவின் வடக்கே உறைந்த ஏரிகளின் மேல் ஓடும் வண்டியையும் மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்தால், ஒன்றைத் திருப்பி வைத்தால் மற்றதாகிவிடும். ஒன்றுக்கு மூன்று சில்லுகள். மற்றதற்கு இரண்டு சறுக்குக்கட்டைகளும் ஒரு பட்டியும். பட்டிக்குள் சொக்குகள் இரண்டு இருந்தாலும் அவை ஒன்றன்பின் ஒன்றாக நிற்பவை; தரையில் ஊன்றுவது ஒரே தடம்தான். ஆகவே இரண்டும் மூன்று காலில் நிற்கும் வண்டிகள். நாலு சில்லு வண்டியின் நிதானம் இரண்டுக்குமே இல்லை. சொக் தளர்ந்தால் இரண்டும் அன்றே காட்டிக்கொடுத்துவிடும்.

வடிவத்தைப் போலவே வயதும் நெருங்கி வருகிறது. கியூபெக்கின் வல்கூர் ஊரில் ஜோசப் ஆர்மண்ட் பொம்பார்டியர் ஸ்கீ-டூ என்ற ஸ்னோமொபைலைச் சந்தைக்கு விட்டது 1959இல். இருசில்லு, முச்சில்லு வண்டிகளைத் தயாரிக்க பஜாஜ் நிறுவனம் இந்திய அரசின் அனுமதியைப் பெற்றதும் அதே 1959இல். ஸ்னோமொபைலைப் பலர் பொழுதுபோக்குக்கே வைத்திருக்கிறார்கள். ஆனால் வடகோடி ஊர்களில் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் போகிற வண்டி அதுதான். ஓட்டோவோ இங்கே ஒரு வீட்டின் அடுப்பை எரிய வைப்பது. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளும் இருக்கிற வண்டியைத்தான் பார்த்துப் பார்த்து ஓட்டவேண்டியிருந்தது. பழைய சொக்குக்குப் பதிலாக எதைப் போடுவது என்பது அந்த நாட்களில் சின்னக் கேள்வியாக இருக்கவில்லை.

முதலில், எந்தச் சொக் எந்த வேலையைச் செய்கிறது என்று பார்ப்போம். ஓட்டோ வளைவில் சரியும்போது தாங்குபவை பின்னாலுள்ள இரண்டும். முன்சில்லு ஒற்றை, அதனால் சரிவைப் பிடித்து நிறுத்த முடியாது. ஸ்னோமொபைல் வளைவில் சரியும்போது பெரும்பாலும் தாங்குபவை முன்னாலுள்ள இரண்டும். ஒடுங்கிய பட்டி அந்த வேலையில் கொஞ்சம்தான் கைகொடுக்கும். ஆகவே ஓட்டோக்காரர் பின்சொக்குகளைச் சோடியாக மாற்றவேண்டும். ஸ்னோமொபைல்காரர் முன்சொக்குகளைச் சோடியாக மாற்றவேண்டும். ஒன்று புதியது, ஒன்று பழையது என்று விட்டால் இடப்பக்கம் ஒரு வண்டியாகவும் வலப்பக்கம் இன்னொரு வண்டியாகவும் திரும்பும். இடம் தலைகீழ், விதி ஒன்று.

ஒற்றையாய் நிற்கும் காலுக்கு வேறு பாடு. கார் ஒரு குழியைத் தன் இரு சில்லுகளுக்கும் நடுவே விட்டுப் போய்விடும். நடுவில் உருளும் ஓட்டோவின் முன்சில்லு அதற்குள் நேராக இறங்கும். ஸ்னோமொபைலில் ஆளின் பாரம் பெரும்பாலும் பட்டியின் மேல். பனிமேடுகள் வரிசையாக வரும்போது பின்சொக்குக்கு இளைப்பாற நேரமில்லை. ஒன்று எப்போதாவது பலமாக அடிவாங்குகிறது. மற்றது ஓயாமல் அடிவாங்குகிறது.

ஒயில் சொக்கா, வாயுச் சொக்கா என்ற தெரிவு இந்த வேறுபாட்டிலிருந்துதான் பிறக்கிறது. சொக் செய்வது, ஆட்டத்தைச் சூடாக மாற்றுவது. ஒடுங்கிய துளைகளுக்குள் ஒயில் நெருக்கிப் புகும்போது அந்தச் சூடு உண்டாகிறது. ஓயாமல் அடித்தால் ஒயிலோடு காற்றுக் கலந்து நுரைக்கும். நுரைத்த ஒயிலுக்குப் பிடிமானம் இல்லை. பிரெஞ்சுக்காரரான டி கார்பொன் 1950களில் இதற்கு வழி கண்டார்: மிதக்கும் பிஸ்டன் ஒன்றால் ஒயிலையும் நைதரசனையும் பிரித்து, வாயுவின் அழுத்தத்தால் ஒயிலை எப்போதும் நெருக்கிப் பிடிப்பது. பனிமேட்டுப் பாதைக்கு இது அவசியம். குறுகிய ஏற்ற இறக்கமும் மெதுவான ஓட்டமும் உள்ள நகர ஓட்டோவுக்கு நல்ல ஒயில் சொக்கே போதும். விலை கூடியது என்பதற்காக வாயுச் சொக்கைப் போட்டால், பாரம் குறைந்த வண்டி விறைத்து, பயணிகளைத் தூக்கித் தூக்கி அடிக்கவும் கூடும். பனிநாட்டில் தேவையாய் இருப்பது துறைமுகத்தில் ஆடம்பரம்.

காலநிலை தெரிவை எதிரெதிர்த் திசைகளில் இழுக்கிறது. பூச்சியத்துக்குக் கீழே 30 பாகையில் ஒயில் தேன்போலத் தடிக்கும். அங்கே குளிரிலும் இளகியிருக்கும் ஒயிலைத் தேடுகிறார்கள். 35 பாகை வெயிலில் ஒயில் நீர்த்துப்போகும். இங்கே சற்றுத் தடித்ததைக் கேட்கிறார்கள். ஆனால் இரண்டு இடத்திலும் ஒரே பிழை நடக்கிறது: வண்டி தாழ்ந்து ஓடினால் சொக்கைக் குறைசொல்வது. பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். ஆட்டத்தை அடக்குவதே சொக். தளர்ந்த ஸ்பிரிங்கை ஒயிலைத் தடிப்பாக்கிச் சரிக்கட்ட முடியாது. ஸ்னோமொபைல்காரர்கள் இதற்கு எளிய அளவு வைத்திருக்கிறார்கள். பின்பக்கத்தைத் தூக்கிப்பிடித்து உயரத்தை அளப்பார்கள். பிறகு ஆளை ஏற்றி அளப்பார்கள். மொத்த ஏற்ற இறக்கத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை தாழலாம். அதற்கு மேல் தாழ்ந்தால் ஸ்பிரிங்கைப் பார்ப்பார்கள். இந்தப் பழக்கத்தை நாமும் எடுத்துக்கொள்ளலாம்: வெறும் ஓட்டோவை ஒருதரம், வழக்கமான பாரத்தோடு ஒருதரம் அளந்து எழுதி வைத்தால், கடையில் போய்க் கேட்கும்போது கேள்வி தெளிவாக இருக்கும்.

நீளத்திலும் இரண்டு வண்டிகளும் ஒரே பாடத்தைச் சொல்கின்றன. பழைய சொக்கை அருகில் வைத்து, ஒரு முனைப் புஷ்ஷின் நடுவிலிருந்து மற்ற முனைப் புஷ்ஷின் நடுவரை அளக்கவேண்டும்: விரிந்த நிலையில் ஒன்று, அமுங்கிய நிலையில் ஒன்று. விரிந்த நீளம் கூடினால் ஓட்டோவில் பின்அச்சின் மூட்டுகள் கோணம் தப்பித் தேயும். ஸ்னோமொபைலில் சறுக்குக்கட்டையின் பந்து மூட்டுகள் இறுகும். அமுங்கிய நீளம் கூடினால் வண்டி தன் முட்டில் நிற்பதற்கு முன்பே சொக் தன் அடியில் முட்டும். முழு அடியும் சொக்கின் கம்பியில் விழும். கொஞ்சம் உயரமாக இருந்தால் நல்லதுதானே என்ற எண்ணம் இரண்டு நாட்டிலும் செலவில்தான் முடிகிறது.

இதுவரை கண்டவை எதிர்பார்க்கக்கூடிய ஒற்றுமைகள். வியப்பைத் தருவது இனி வருவது.

ஸ்னோமொபைலின் எதிரி ஐஸ் என்றும் திருகோணமலை ஓட்டோவின் எதிரி உப்பு என்றும் நாம் எளிதாகப் பங்கிட்டுவிடுவோம். ஒன்றில் கம்பியில் உறைந்த ஐஸ், சொக் அமுங்கும்போது ஒயில் சீலின் உதட்டைக் கிழிக்கிறது. மற்றதில் மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த நகரத்தின் உப்புக்காற்று கம்பியின் குரோம் பூச்சைக் குத்திக் குத்தித் துரு ஏற்றுகிறது. ஆனால் விடியற்காலையில் கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து புறப்படும் ஓட்டோ ஒன்றின் பின்பக்கத்தைக் கவனியுங்கள். மீன்பெட்டிகளுக்குள் உடைத்த ஐஸ். அது உருகி, மீனின் உப்புநீரோடு சேர்ந்து, இருக்கையின் கீழ் வழிந்து, சொட்டுச்சொட்டாக இறங்கிச் சொக்கின் கம்பியை நனைக்கிறது. கடற்காற்று மாதக்கணக்கில் செய்வதை அந்தச் சொட்டு சில வாரங்களில் செய்யும். அங்கேயோ ஸ்னோமொபைலை இழுவை வண்டியில் ஏற்றி, உறைபனிக்காக உப்புத் தூவிய நெடுஞ்சாலையில் மணிக்கணக்காகக் கொண்டுபோகிறார்கள். முன்னால் போகும் கார்களின் சில்லுகளிலிருந்து தெறிக்கும் உப்புச்சேறு திறந்து கிடக்கும் சொக்குகளில் படிகிறது. ஐஸ் திருகோணமலைக்கு வந்திருக்கிறது. உப்பு ஒன்ராறியோவுக்குப் போயிருக்கிறது. இரண்டும் போய்க் கடிக்கும் இடம் ஒன்றே: விரல் பருமனான ஒரு கம்பியும் அதைச் சுற்றியிருக்கும் ஓர் இறப்பர் வளையமும்.

ஆகவே புதியது வாங்குவதா, பழையதைத் திறந்து சீல் மாற்றுவதா என்ற கேள்விக்கு இரண்டு இடத்துக்கும் ஒரே சோதனை போதும். கம்பியைத் துணியால் துடைத்து, பெருவிரல் நகத்தை மேலிருந்து கீழாக ஓட்டவேண்டும். நகம் வழுக்கிப் போனால் சீலும் ஒயிலும் மாற்றினால் போதும். நகம் ஒரு புள்ளியில் தட்டினால், புதுச் சீலும் அதே புள்ளியில் கிழியும். அந்தச் சொக்குக்குச் செலவழிப்பது வீண். உயர்தர ஸ்னோமொபைல் சொக்குகள் இப்படித் திறந்து பார்ப்பதற்கென்றே திருகுமூடியோடு வருகின்றன. பருவத்துக்கு ஒருதரம் ஒயில் மாற்றி நைதரசன் ஏற்றுவது அங்கே வழக்கம். ஓட்டோச் சொக்குகள் பெரும்பாலும் வாய் மடித்து அடைக்கப்பட்டவை; அவற்றைத் திறந்து மீண்டும் மூடுவதெல்லாம் பட்டறைக்காரரின் கைத்திறனில் இருக்கிறது. வாயுச் சொக்கு ஒன்று கைக்கு வந்தால் மட்டும் அந்தத் திறமையும் பொறுமை காக்கவேண்டும். உள்ளே 200 பீ.எஸ்.ஐ. அளவில் அழுத்தம் இருக்கலாம். அதை இறக்காமல் வாயைத் திறப்பது கண்ணுக்கும் உயிருக்கும் ஆபத்து.

இரண்டையும் தூக்கிப் பார்த்தபின் தராசு எந்தப் பக்கமும் சாயவில்லை. பெயரையோ விலையையோ பார்ப்பதற்கு முன், பாரம் எவ்வளவு, பாதை எப்படி, கம்பியில் சொட்டுவது என்ன என்று கேட்பவரே இரண்டு நாட்டிலும் சரியான சொக்கை எடுக்கிறார். எடுத்தபின் அதைக் காப்பாற்றும் வழியும் ஒன்றுபோலவே இருக்கிறது. அங்கே இழுவை வண்டியில் ஏற்றியதும் சொக்குகளை மூடி ஒரு படங்கு. இங்கே மீன் இறக்கி முடிந்ததும், இருக்கையைக் கழுவுகிற கையோடு, குனிந்து பின்சொக்குகளுக்கும் ஒரு வாளி நன்னீர்.