கொடி இறங்கும் பொழுது: ஜட்லண்ட் கடற்போரில் சொல்லும் பொருளும்



மொழியியல் கற்பித்துக் காலம் கழித்தவன் கடற்போரைப் பற்றிப் பேச வந்திருப்பதைக் கண்டு ஆசிரிய நண்பர்கள் சிலர் புன்னகைக்கின்றனர். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1916ஆம் ஆண்டு மே 31ஆம் நாள், டென்மார்க்கின் ஜட்லண்ட் தீபகற்பத்துக்கு மேற்கே, வட கடலில் பிரிட்டனும் ஜெர்மனியும் ஏறத்தாழ 250 கப்பல்களோடு மோதின. அப்போரைப் பற்றிய நூல்கள் பீரங்கியையும் கவசத்தையும் வெடிமருந்தையும் விரிவாகப் பேசுகின்றன, அவை பேசவேண்டியவையே. ஆயினும் அந்நாளின் நிகழ்ச்சிகளை மணிக்கணக்கில் வைத்துப் படிக்கும்போது, பெரிய திருப்பங்கள் பலவும் ஒரு செய்தி படிக்கப்படாமையாலோ, பிழைபடப் படிக்கப்பட்டமையாலோ, சொல்லப்படாமையாலோ நேர்ந்தவை என்பது புலப்படுகிறது. அது என் துறைக்குள் வரும் செய்தி.

இன்னொரு காரணமும் உண்டு. அன்று பிரிட்டிஷ் அணியில் 'மலாயா' என்னும் பெயர்கொண்ட கப்பல் ஒன்று இருந்தது.

1906இல் 'டிரெட்நாட்' என்னும் போர்க்கப்பலைப் பிரிட்டன் கடலில் இறக்கியதும், அதற்கு முன் கட்டப்பட்ட பெரும்போர்க்கப்பல்கள் அனைத்தும் பழையனவாயின. 1898இலும் 1900இலும் கடற்படைச் சட்டங்களை இயற்றித் தன் படையைப் பெருக்கத் தொடங்கியிருந்த ஜெர்மனியும் அவ்வகைக் கப்பல்களைக் கட்டலாயிற்று. போட்டி முற்றிய 1912இல், பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு மாநிலங்களும் சேர்ந்த கூட்டாட்சியின் சட்டமன்றம், பிரிட்டனுக்கு ஒரு முதல்தரப் போர்க்கப்பலை நன்கொடையாக வழங்கத் தீர்மானித்தது. செலவு இருபது இலட்சம் பவுனைத் தாண்டியது. அக்காலத்தில் அம்மாநிலங்களின் கருவூலத்தை நிரப்பியவை ஈயமும் இரப்பரும் அபினி வருவாயும். இரப்பர்க் காடுகளில் விடியலுக்கு முன் பால்மரம் சீவச் சென்ற தமிழரை எவரும் கேட்டுச் செய்த நன்கொடை அன்று இது. அச்சட்டமன்றத்தில் இந்தியர் ஒருவருக்கு இடம் கிடைத்ததே 1928இல்தான். எனினும் அவர்தம் உழைப்பின் ஒரு பங்கு, 15 அங்குலப் பீரங்கிகள் எட்டுடன், நியூகாசில் நகரில் கப்பலாக உருவெடுத்து, 1916 பிப்ரவரியில் கடற்படையில் சேர்ந்தது. நான்கே மாதங்களில் அது ஜட்லண்டில் நின்றது.

கப்பல்கள் ஒன்றோடொன்று பேசிய மொழியை இங்கு விளக்கவேண்டும். கம்பியில்லாத் தந்தி அப்போதே இருந்தது. ஆனால் அதை எதிரியும் கேட்பான்; குறியீட்டாக்கிப் பின் மீட்டெடுக்க நேரமும் ஆகும். எனவே போர்க்களத்தில் கொடிகளையே நம்பினர். வண்ணக்கொடிகளின் ஒவ்வொரு வரிசைக்கும் சைகைநூலில் ஒரு பொருள் உண்டு. கொடிவரிசை ஏறும்போது அது அறிவிப்பு மட்டுமே. பிற கப்பல்கள் அதைப் படித்துக்கொண்டோம் என விடை காட்டும். தலைமைக்கப்பலில் அக்கொடிகள் இறக்கப்படும் நொடியில்தான் ஆணை நடைமுறைக்கு வரும். ஏவலின் பொருள் சொல்லில் நிற்க, அதன் காலம் சொல் மறைவதில் நிற்கும் இத்தகைய அமைப்பை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இம்மொழிக்குத் தொடரிலக்கணம் மிகக் குறைவு. அதனால் விளைந்த கேட்டை ஜட்லண்டுக்கு முந்திய போரிலேயே காணலாம். 1915 ஜனவரி 24 அன்று டாகர் பாங்க் என்னுமிடத்தில், பீட்டி என்னும் தளபதி நான்கு ஜெர்மானியப் பெருங்கப்பல்களைத் துரத்தினார். அவருடைய 'லயன்' அடிபட்டு மின்சாரம் இழந்து பின்தங்கியது. எஞ்சியிருந்த கொடிக்கயிறுகள் இரண்டே. ஒன்றில் 'வடகிழக்கே செல்க' என்னும் பொருளுடைய கொடிகள் பறந்துகொண்டிருந்தன. மற்றொன்றில் 'பகைவரின் பின்னணியைத் தாக்குக' என ஏற்றினர். இரண்டும் ஒன்றாக இறங்கின. பார்த்தவர்கள் இவற்றை இரு தொடர்களாகக் கொள்ளாமல், 'வடகிழக்கில் உள்ள பகைவரின் பின்னணியைத் தாக்குக' என ஒரே தொடராகக் கொண்டனர். வடகிழக்கில் இருந்ததோ முன்பே முடமாகிக் கிடந்த 'புளூஹர்' என்னும் கப்பல். அனைவரும் அதன்மேல் பாய்ந்து மூழ்கடித்தனர். ஏனைய மூன்றும் தப்பின. நன்னூல் கூறும் எண்வகைப் பொருள்கோளை மாணவர்க்கு நடத்தும்போது, கொண்டுகூட்டுக்கு நான் செய்யுளிலிருந்தே எடுத்துக்காட்டுத் தருவது வழக்கம். தவறான கொண்டுகூட்டுக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

இனி ஜட்லண்ட். பீட்டியிடம் அன்று போர்க்குரூசர்கள் ஆறு இருந்தன. அவற்றுக்குத் துணையாக 'பார்ஹாம்', 'வேலியண்ட்', 'வார்ஸ்பைட்', 'மலாயா' என்னும் நான்கு வலிய கப்பல்கள் இவான்-தாமஸ் என்பவரின் தலைமையில் ஏறத்தாழ 5 கடல்மைல் தொலைவில் வந்தன. இவான்-தாமஸ் பெரும்படைத் தலைவர் ஜெல்லிகோவின் கீழ்ப் பழகியவர். பீட்டியிடம் வந்து சேர்ந்து சில நாள்களே ஆகியிருந்தன. ஜெல்லிகோவின் அணியில் ஆணை வரும்வரை வரிசை குலையாது நிற்பதே மரபு. பீட்டியின் அணியிலோ தலைவரின் கருத்தை ஊகித்து நடப்பது வழக்கு. இருவர் கையிலும் இருந்த சைகைநூல் ஒன்றே. அதைக் கையாண்ட வழக்குகள் இரண்டு. இந்த வேறுபாட்டைப் பற்றி இருவரும் போருக்கு முன் அமர்ந்து பேசவில்லை.

பிற்பகல் 2.32க்குப் பகைவரை நோக்கித் தென்கிழக்கே திரும்புமாறு பீட்டி கொடி ஏற்றினார். நிலக்கரிப் புகையினூடே, அத்தொலைவில், அதை இவான்-தாமஸ் படிக்க இயலவில்லை. விளக்குச்சைகையால் அதை எடுத்துரைத்திருக்க வேண்டிய கப்பல் எடுத்துரைக்கவில்லை. 'லயன்' திரும்புவதைக் கண்ணால் கண்டும், ஆணை வராமையால் இவான்-தாமஸ் பல நிமிடங்கள் எதிர்த்திசையிலேயே சென்றார். இடைவெளி ஏறத்தாழ 10 மைலாயிற்று. 3.48க்குப் பீரங்கிகள் முழங்கத் தொடங்கியபோது படையின் வலிமைமிக்க நான்கு கப்பல்களும் களத்துக்கு வெளியே இருந்தன. 4 மணி கடந்து சில நிமிடங்களில் 'இண்டிஃபாட்டிகபிள்' வெடித்து, அதிலிருந்த ஆயிரவர் மாண்டனர். அரைமணிக்குள் 'குயின் மேரி'யும் அவ்வாறே வெடித்து 1,200க்கு மேற்பட்டோர் மாண்டனர். வெடிமருந்தைக் காவலின்றிக் கையாண்டமை இதற்குப் பெருங்காரணம் என்பர். அதை மறுக்க எனக்குத் தகுதி இல்லை.

சற்று நேரத்தில் ஜெர்மானியரின் முழுப்படையே தெற்கிலிருந்து வருவது தெரிந்தது. பீட்டி வடக்கே திரும்பினார். அப்போது எதிரே தெற்கு நோக்கி வந்துகொண்டிருந்த இவான்-தாமஸுக்கும் திரும்புமாறு கொடி ஏற்றினார். கொடி ஏறியது, இறங்கவில்லை. சில நிமிடங்கள் அது பறந்துகொண்டே இருந்தது. அச்சில நிமிடங்களில் நான்கு கப்பல்களும் ஜெர்மானியப் படையை நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நெருங்கின. கொடி ஒருவழியாக இறங்கியபோது, கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே இடத்தில் திரும்பவேண்டியதாயிற்று. அந்த இடத்தை ஜெர்மானியர் குறிவைத்துவிட்டனர். வரிசையில் கடைசி 'மலாயா'. அதன் தலைவர் பாயில், ஆணையின் சொல்லை விட்டு அதன் கருத்தைப் பற்றிக்கொண்டு, அவ்விடத்தை அடையும் முன்பே கப்பலைத் திருப்பினார். அது மூழ்காமைக்கு அவருடைய அந்த முடிவும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன். ஆயினும் அடுத்த ஒரு மணிநேரத்தில் குண்டுகள் பலமுறை தாக்கின. சிறு பீரங்கித் தளத்தில் வெடிமருந்து தீப்பற்றியது. 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நான்கு மலாய் மாநிலங்களின் வெள்ளை, சிவப்பு, மஞ்சள், கறுப்புக் கொடி அப்போது அக்கப்பலில் பறந்தது.

பிற்காலத்தில் பீட்டி தம் கொடியலுவலர் சீமோர் மேல் குற்றம் சுமத்தினார். 1914இலும் 1915இலும் குழப்பமான சைகைகளை ஏற்றியவர் அவரே என்பது உண்மை. ஆனால் அவரை அப்பதவியில் தொடர்ந்து வைத்திருந்தவர் யார்? ஆசிரியர்களாகிய நாம், பிழையான விடைத்தாளுக்கு மாணவனை மட்டும் கடிந்துகொள்வது போன்றது இது.

இதுவரை சொன்னவை களத்தில் நேர்ந்தவை. இவற்றினும் என்னை வருத்துவது இலண்டனில் ஓர் அறைக்குள் நிகழ்ந்தது. 1914 ஆகஸ்டில் 'மாக்டபர்க்' என்னும் ஜெர்மானியக் கப்பல் பின்லாந்து வளைகுடாவில் தரைதட்டியது. அதிலிருந்த குறியீட்டு நூலை ரஷ்யர் கைப்பற்றிப் பிரிட்டனுக்கு அனுப்பினர். கடற்படைத் தலைமையகத்தின் 40ஆம் எண் அறையில், ஜெர்மானியரின் கம்பியில்லாச் செய்திகளை எடுத்துப் படிக்கும் பணி தொடங்கியது. அங்கு அமர்ந்தவர் பலர் நம்மைப் போன்றவர்கள்: செம்மொழி அறிஞர், மொழியாசிரியர். கடற்படைப் பள்ளியில் ஜெர்மன் கற்பித்துவந்த டெனிஸ்டன் அவர்களுள் ஒருவர். மொழிபெயர்த்துத் தருவது மட்டுமே அவர்களுக்கு விதிக்கப்பட்ட வேலை. பொருள் காண்பது அதிகாரிகளின் உரிமை.

மே 31 முற்பகலில் செயற்பிரிவின் தலைவர் கேப்டன் தாமஸ் ஜாக்சன் அவ்வறைக்கு வந்து, 'டி.கே.' என்னும் அழைப்புக்குறியைத் திசையறி நிலையங்கள் எங்கே காட்டுகின்றன எனக் கேட்டார். வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் துறைமுகத்தில் என விடை வந்தது. அவர் சென்றுவிட்டார். அது ஜெர்மானியத் தளபதி ஷேரின் அழைப்புக்குறி. ஆகவே ஷேர் இன்னும் துறைமுகத்தில்தான் இருக்கிறார் என முடிவுசெய்து, நண்பகலுக்குச் சற்றுப் பின் ஜெல்லிகோவுக்கு அவ்வாறே செய்தி அனுப்பப்பட்டது. ஷேர் கடலுக்குச் செல்லும்போது 'டி.கே.'யைக் கரைநிலையத்துக்குக் கொடுத்துவிட்டு வேறு குறியைக் கைக்கொள்வார் என்பதை அவ்வறையில் இருந்தவர் அறிவர். ஷேர் விடியலுக்கு முன்பே புறப்பட்டுவிட்டார். 'ஷேர் எங்கே?' எனக் கேட்டிருந்தால் சரியான விடை கிடைத்திருக்கும்.

தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் வினாவும் செப்பும் வழுவாமல் காக்கப்படவேண்டும் என வற்புறுத்துகிறது. இங்குச் செப்பில் வழு இல்லை. கேட்டதற்கு நேரான விடையே தரப்பட்டது. வினாவிலும் இலக்கண வழு இல்லை. கேட்டவர் தாம் அறியவிரும்பியதைக் கேளாமல், அதற்கு அடையாளம் எனத் தாம் கருதியதைக் கேட்டார். விடை தந்தவர்க்கோ அதற்குமேல் வாய்திறக்க உரிமை இல்லை. அறிந்தவர் ஓர் அறையில் இருக்க, அறியாமை ஒரு படைத்தலைவரைச் சென்றடைந்தது.

ஜெல்லிகோ எரிபொருளைச் சேமித்து விரையாமல் வந்தார். அதனால் பகலொளி மிகுதியாக இருந்த நேரம் வீணாயிற்று. துறைமுகத்தில் இருப்பதாகச் சொல்லப்பட்ட ஷேர் பிற்பகலில் நேரே எதிர்ப்பட்டபோது, தலைமையகத்தின் செய்திகள்மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை குலைந்தது. அன்றிரவு ஜெர்மானியர் செல்லும் திசையும் வேகமும் சரியாகவே தந்தியில் வந்தன, அவர் ஏற்கவில்லை. ஹார்ன்ஸ் ரீஃப் அருகே விடியலில் வான்கலம் கொண்டு வேவுபார்க்குமாறு ஷேர் கேட்ட செய்தியும் 40ஆம் அறையில் படித்தறியப்பட்டது. ஷேர் எவ்வழியே வீடு திரும்புகிறார் என்பதை ஐயமறக் காட்டும் செய்தி அது. அதை ஜெல்லிகோவுக்கு எவரும் அனுப்பவில்லை. ஜெர்மானியப் படை இருளில் பிரிட்டிஷ் படையின் பின்புறமாகக் கடந்து வீடு சேர்ந்தது. பிரிட்டன் 14 கப்பல்களையும் 6,094 பேரையும் இழந்தது. ஜெர்மனி 11 கப்பல்களையும் 2,551 பேரையும் இழந்தது. கடலாட்சி பிரிட்டனிடமே இருந்தது. ஆயினும் ஜெர்மானியப் படை அழியவில்லை.

'மலாயா' 1921இல் நம் கரைகளுக்கு வந்து தன்னை வாங்கித் தந்த நாட்டைக் கண்டு சென்றது, 1948இல் உடைக்கப்பட்டது. 40ஆம் அறை 1917இல் கடற்படை உளவுப் பிரிவோடு இணைக்கப்பட்டது. அதன்பின்னரே அங்கிருந்தவர்கள் தாம் படித்த செய்திக்குத் தாமே பொருளும் எழுதி அனுப்பலாயினர். ஜெர்மன் ஆசிரியர் டெனிஸ்டன், 1919இல் அமைக்கப்பட்ட அரசின் குறியீட்டுப் பள்ளிக்குத் தலைவரானார்.