காது இரைச்சல்: மாத்திரை வாங்குமுன்

வெள்ளவத்தையில் காலி வீதிச் சத்தம் அடங்கிய பிறகுதான் என் இடது காதின் கீச்சொலி உரக்கக் கேட்கும். உள்ளி காய்ச்சிய எண்ணெய் விடச் சொன்னார் மாமி. கொட்டாஞ்சேனை மருந்துக்கடையொன்றில் ஜிங்கோ மாத்திரையைக் காட்டினார்கள்.

செவிப்பறையில் துளையிருந்தால் எண்ணெய் தீங்கு செய்யும். அமெரிக்கக் காது, மூக்கு, தொண்டை வைத்தியர்களின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டி, ஜிங்கோ, மெலடோனின், துத்தநாகம் எதையும் பரிந்துரைக்க வேண்டாம் என்கிறது. இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்களுக்கு ஜிங்கோ இரத்தக்கசிவு ஆபத்தையும் கூட்டலாம். அவ்வழிகாட்டி ஏற்பவை: செவிப்புலன் குறைந்தோருக்குக் கேட்கும் கருவி, தொந்தரவைத் தணிக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை.

மின்விசிறிச் சத்தத்தில் நான் தூங்கிவிடுகிறேன், இரைச்சல் போகவில்லை.

திடீரெனக் காது கேட்காமற்போனால் அன்றே வைத்தியரிடம் போகவேண்டும். ஒரு காதில் மட்டும் நீடிக்கும் இரைச்சலுக்கும், நாடியோடு துடிக்கும் இரைச்சலுக்கும் பரிசோதனை தேவை. என்னுடையது ஒரு காதில்தான். மாத்திரைக்கு வைத்த காசில் கேட்டல் பரிசோதனைக்குப் பதிந்துவிட்டேன்.