விழாவிட்டால் நாட்டுக்கு

கல்கத்தாவுக்கு வந்த புதிதில், சனிக்கிழமை மதியம் ஆபீஸ் முடிந்தால் நேராக காலேஜ் ஸ்ட்ரீட்தான். நடைபாதை முழுக்கப் பழைய புத்தகக் கடைகள். ஒருநாள் கூட வந்த வங்காளி சீனியர், "இந்தத் தெரு யார் காசில் போட்டது தெரியுமா? லாட்டரிக் காசு" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகு படித்துப் பார்த்தால் நிஜம்தான். அன்று ராத்திரி எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன். முதலில் தெருக்கதை.

கம்பெனிக்காரர்கள் காலத்துக் கல்கத்தா பெரிய வியாபார ஊர். ஆனால் ஒழுங்கான ரோடு கிடையாது, சாக்கடை கிடையாது, நல்ல குடிதண்ணீரும் கிடையாது. செய்யப் பணம் வேண்டும். வரி போட்டால் எவனும் சந்தோஷமாகக் கொடுக்க மாட்டான். அதே ஆளிடம் சீட்டை நீட்டினால் சிரித்துக்கொண்டே வாங்குவான். இந்த ரகசியம் அப்போதே தெரிந்திருக்கிறது. 1787-இல் கட்டி முடித்த செயின்ட் ஜான்ஸ் சர்ச்சில் ஒரு பங்கு லாட்டரிப் பணம். ஹைகோர்ட் பக்கம் போனால் பெரிய தூண்களோடு டவுன் ஹால் தெரியும். 1813-இல் கட்டியது, செலவு சுமார் 7 லட்சம் ரூபாய், அதுவும் லாட்டரிதான். கட்டியவர் ஜான் கார்ஸ்டின் என்ற ராணுவப் பொறியாளர். பாட்னாவில் கோல்கர் என்ற தானியக் களஞ்சியம் இருக்கிறதே, அதைக் கட்டியவரும் இவரே.

கவர்னர் ஜெனரல் வெல்லஸ்லி 1803-இல் ஊரைச் சீராக்க வேண்டும் என்று நீளமாக ஒரு குறிப்பு எழுதினார். குறிப்பு எழுதினால் ரோடு வந்துவிடுமா? 1817-இல் லாட்டரி கமிட்டி என்றே ஒரு கமிட்டி போட்டார்கள். அடுத்த பத்தொன்பது வருஷம், பரிசு போக மிஞ்சிய சீட்டுப் பணத்தை வைத்து இந்த ஊரையே மாற்றிவிட்டார்கள். ஹூக்ளிக் கரையோரம் ஸ்ட்ராண்ட் ரோடு. வடக்கும் தெற்குமாக ஒரே நேர்கோட்டில் கார்ன்வாலிஸ் ஸ்ட்ரீட், காலேஜ் ஸ்ட்ரீட், வெலிங்டன் ஸ்ட்ரீட், வெல்லஸ்லி ஸ்ட்ரீட். (காலேஜ் ஸ்ட்ரீட் தவிர மற்றதற்கெல்லாம் இப்போது வேறு பெயர். கார்ன்வாலிஸ் ஸ்ட்ரீட்தான் இன்றைய பிதான் சரணி.) இந்தக் கோட்டை ஒட்டி அங்கங்கே சதுரம் விட்டு நடுவில் குளம் வெட்டினார்கள். காலேஜ் ஸ்கொயரில் இன்று பிள்ளைகள் நீச்சல் பழகுகிற குளம் அப்படி வந்தது. குழாய்த் தண்ணீர் வராத காலத்தில் அது ஊருக்குப் பெரிய உபகாரம்.

இதைப் படித்தபோது முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு மேப்பை விரித்துவைத்துப் பார்த்தேன். தெற்கே, வெள்ளைக்காரர்கள் பங்களா கட்டிக்கொண்ட பகுதியில் மொய்ரா, ராடன், லௌடன் என்று தெருக்கள். அன்றைய கவர்னர் ஜெனரல் மொய்ரா பிரபு. ராடன் அவர் குடும்பப் பெயர், லௌடன் அவர் மனைவியின் பட்டம். ஊரார் சீட்டுக் காசு, தெருவுக்குப் பெயர் துரை வீட்டுப் பெயர்! வடக்கே நம்மவர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியிலும் பெரிய ரோடு வந்தது. உள்ளே இருந்த சந்துகளும் சாக்கடையும் மாறவில்லை. 1836-இல், கமிட்டி முடிந்த அதே வருஷம், காய்ச்சல் ஆஸ்பத்திரிக்காக என்று ஆரம்பித்த இன்னொரு கமிட்டி ஊர்ச் சாக்கடையைப் பற்றி விசாரிக்கத் தொடங்கியது.

கமிட்டி ஏன் முடிந்தது? சீட்டு விற்காமல் அல்ல. சூதாட்டப் பணத்தில் அரசாங்கம் ஊர் கட்டலாமா என்று இங்கிலாந்தில் எதிர்ப்பு. அவர்கள் நாட்டு அரசாங்க லாட்டரியையே 1826-இல் மூடிவிட்டார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு இதே யோசனை திரும்ப வந்தது. கேரளா 1967-இல் அரசு லாட்டரி தொடங்கியது. சீட்டு ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000. முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26. அதே 1968-இல் அண்ணா முதல்வராக இருந்தபோது தமிழ்நாட்டிலும் பரிசுச் சீட்டு வந்தது. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்ற வாசகம் நம் ஊரில் யாருக்குத்தான் தெரியாது!

எங்கள் அப்பாவுக்கு அது வேதவாக்கு. திருச்சியில் ஒரு மண்டியில் கணக்குப்பிள்ளை. தினம் ஒரு சீட்டாவது வாங்காமல் வீட்டுக்கு வரமாட்டார். காலையில் பேப்பர் வந்ததும் ரிசல்ட் பக்கம்தான். அம்மா முறைத்தால், "விழலேன்னா என்னடி, நாட்டுக்குத்தானே போகுது" என்பார். நான் பிளஸ் டூ படித்த வருஷம் பரீட்சைப் பணம் கட்ட, அம்மா மூக்குத்தியை அடகு வைத்தாள். அன்றைக்கும் அவர் சட்டைப் பையில் சீட்டு இருந்தது.

அந்தக் காசு நாட்டுக்குப் போனதா? ஒரு பகுதி போனது. பரிசு, ஏஜெண்ட் கமிஷன், அச்சுக்கூலி எல்லாம் போக மிச்சம் அரசாங்க கஜானாவுக்கு. அங்கே போய் எல்லா வரிப் பணத்தோடும் கலந்துவிடும். இந்தப் பள்ளிக்கூடம், இந்தப் பாலம் என் சீட்டில் வந்தது என்று அப்பா கைகாட்ட முடியாது. பிறகு வெளி மாநிலச் சீட்டு, ஒற்றை நம்பர், சுரண்டல் லாட்டரி என்று வந்து எத்தனையோ வீடுகள் மூழ்கின. மாநிலங்கள் தடை செய்துகொள்ளலாம் என்று 1998-இல் மத்திய சட்டம் வந்திருந்தது. 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு தமிழ்நாட்டில் லாட்டரியை அடியோடு நிறுத்தியது. அன்று அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள்.

கேரளா நிறுத்தவில்லை. 2011-இல் காருண்யா என்று ஒரு சீட்டு கொண்டுவந்தார்கள். அதன் வருமானம் ஏழைகளின் இதய ஆபரேஷனுக்கும், கேன்சர், கிட்னி வைத்தியத்துக்கும் என்று தனியாக ஒரு நிதிக்குப் போகும்படி செய்தார்கள். பலன் பெற்றவர்கள் ஏராளம். பணம் எங்கே போகிறது என்று காட்டிய வகையில் இது கல்கத்தா லாட்டரி கமிட்டிக்கு நேர் வாரிசு. யாருக்குப் போகிறது என்பதில் அதைவிட ஒரு படி மேல்.

ஆனாலும் எனக்கு ஒரு உறுத்தல் போகவில்லை. ஏழையின் ஆபரேஷனுக்குப் பணம் தருபவன் யார்? தினமும் சீட்டு வாங்குகிற இன்னொரு ஏழைதானே. வசதி உள்ளவன் வரியாகக் கொடுக்க வேண்டியதை, கூலிக்காரன் ஆசைக்குக் கொடுக்கிறான். 1817-க்கும் இன்றைக்கும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. நல்ல காரியம் நடக்கிறது, மறுக்கவில்லை. நானே அந்தக் குளத்தங்கரையில் உட்கார்ந்து டீ குடிக்கிறவன்தான்.

அப்பா போன பிறகு ட்ரங்குப் பெட்டியில், ரப்பர் பேண்ட் போட்ட கட்டுக்கட்டாய்ப் பழைய சீட்டுகள் இருந்தன. அம்மா அடுப்பில் போடச் சொன்னாள். நான் ஒரு கட்டை மட்டும் எடுத்து வந்தேன். காலேஜ் ஸ்ட்ரீட்டில் வாங்கிய புத்தகங்களுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.