ரப்பர் நாடாவும் வானூர்தியும்

1903-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் ரைட் சகோதரர்களின் விமானம் மனிதனைச் சுமந்துகொண்டு பறந்தது என்று பாடநூலில் படித்திருப்பீர்கள். அன்றைய முதல் பறப்பு 12 வினாடி நீடித்தது. கடந்த தொலைவு சுமார் 37 மீட்டர். இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு 32 ஆண்டுகளுக்கு முன், 1871 ஆகஸ்ட் 18 அன்று, பாரிஸ் நகரின் துய்லெரி பூங்காவில் வேறொரு விமானம் பறந்தது. அது காற்றில் இருந்தது 11 வினாடி. சென்ற தொலைவு ஏறத்தாழ 40 மீட்டர்! ஆனால் அதில் ஆள் இல்லை. அதன் மொத்த எடையே 16 கிராம்தான். அதை இயக்கியது முறுக்கிவிட்ட ஒரு ரப்பர் நாடா. விளையாட்டுப் பொருள்தானே என்று எண்ணிவிடாதீர்கள். வானூர்தியின் வரலாற்றில் அதற்குத் தனி இடம் உண்டு.

கேலி காட்டிய வழி

பறவை இறக்கையை அடித்துப் பறக்கிறது. ஆகவே மனிதனும் இறக்கையை அடித்தால் பறக்கலாம் என்று பல நூற்றாண்டுகளாக எண்ணி வந்தார்கள். இந்த எண்ணத்திலிருந்து விலகியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் கேலி. எடையைத் தாங்குவது ஒரு வேலை, முன்னே செலுத்துவது வேறொரு வேலை. இரண்டையும் ஒரே உறுப்பு செய்ய வேண்டியதில்லை என்பது அவர் கண்ட உண்மை. அசையாத இறக்கை எடையைத் தாங்கட்டும். முன்னே செலுத்த வேறு சாதனம் இருக்கட்டும் என்றார்.

1804-இல் கேலி ஒரு மாதிரியைச் செய்தார். சுமார் ஐந்து அடி நீளமுள்ள ஒரு கோல். அதன் மேல் காகிதப் பட்டம் ஒன்று இறக்கையாக. பின்னால் திருப்பி அமைக்கக்கூடிய வால். மேட்டிலிருந்து விட்டால் அது சறுக்கி இறங்கியது. ஆனால் தானாக முன்னேற அதற்கு ஆற்றல் வேண்டுமே! அக்காலத்தில் இருந்தது நீராவி எந்திரம். அதன் எடையோ மிக அதிகம்.

பெனோவின் இரண்டு தீர்வுகள்

அல்போன்ஸ் பெனோ 1850-இல் பாரிசில் பிறந்தவர். தந்தை கடற்படை அதிகாரி. மகனுக்கும் கடற்படையில் சேர ஆசை. இடுப்பு மூட்டு நோய் அதைத் தடுத்துவிட்டது. அவருடைய கவனம் பறத்தலின்பால் திரும்பியது.

எடைக்கு எடை பார்த்தால், எஃகுச் சுருள்வில்லைக் காட்டிலும் ரப்பர் பல மடங்கு ஆற்றலைச் சேமித்து வைக்கும். முறுக்கும்போது நம் கை செய்யும் வேலை ரப்பரில் நிலை ஆற்றலாகத் தங்குகிறது. விட்டவுடன் அது சுழல்விசிறியைச் சுற்றுகிறது. 1870-இல் பெனோ இவ்வாறு ஒரு சிறு ஹெலிகாப்டர் மாதிரியைப் பறக்கவிட்டார். எந்திரத்தின் எடை என்னும் சிக்கலுக்கு, சில வினாடிகளுக்காவது, விடை கிடைத்தது.

இரண்டாவது சிக்கல் இன்னும் பெரியது. காற்று ஒரே சீராக வீசுவதில்லை. மாதிரியின் மூக்கு சற்றே நிமிர்ந்தாலும் தாழ்ந்தாலும் யார் சரிசெய்வது? உள்ளேதான் ஆள் இல்லையே! சாய்த்துவிட்டால் தானே நிமிர்கிறதே தஞ்சாவூர்ப் பொம்மை, அதுபோல் விமானமும் தன்னைத் தானே நேர்செய்துகொள்ள வேண்டும். பெனோ எடை முன்பக்கம் சற்று மிகுந்திருக்கும்படி அமைத்தார். பின்னால் உள்ள வாலை இறக்கையைவிடக் குறைந்த கோணத்தில் பொருத்தினார். அதனால் எதிர்வரும் காற்று வாலைச் சற்றுக் கீழ்நோக்கி அழுத்தும்.

இப்போது நடப்பதைப் பாருங்கள். மூக்கு தாழ்ந்தால் வேகம் கூடும். வேகம் கூடினால் வாலின் மீதுள்ள அழுத்தமும் கூடும். வால் தாழ, மூக்கு நிமிரும். மூக்கு மிகவும் நிமிர்ந்தால் வேகம் குறையும். வாலின் அழுத்தம் குறையும். முன்பக்க எடை மூக்கை இறக்கிவிடும். இறக்கையின் இரு நுனிகளையும் மேல்நோக்கி வளைத்து, பக்கவாட்டுச் சாய்வையும் பெனோ தடுத்தார். துய்லெரி பூங்காவில் அந்த மாதிரி அமைதியாக வட்டமிட்டு இறங்கியது.

மறுநாள் பிறந்த குழந்தை

அதற்கு மறுநாள், 1871 ஆகஸ்ட் 19 அன்று, அமெரிக்காவில் டேட்டன் நகரில் ஒரு குழந்தை பிறந்தது. பெயர் ஓர்வில் ரைட்!

1878-இல் ரைட் குடும்பத்தின் தந்தை பயணத்திலிருந்து திரும்பும்போது பிள்ளைகளுக்கு ஒரு பொம்மை வாங்கி வந்தார். தக்கையும் மூங்கிலும் காகிதமும் சேர்ந்த, ரப்பரால் சுழலும் ஹெலிகாப்டர். பெனோ அமைத்த வகையைச் சேர்ந்தது. அது கூரை வரை எழும்பியது. அப்போது வில்பருக்கு வயது 11, ஓர்விலுக்கு 7. "வௌவால்" என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அது உடைந்தபின் அதைப் போலவே தாமே செய்தார்கள்; பிறகு பெரிதாகச் செய்தார்கள். பெரிதாகச் செய்யச் செய்ய, அது பறக்க மறுத்தது!

ஏன்? நீள அகலங்களை இரு மடங்காக்கினால் இறக்கையின் பரப்பு நான்கு மடங்காகும்; எடையோ எட்டு மடங்காகும். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் முன்னைவிட இரு மடங்கு எடையைத் தாங்க வேண்டும். சிறுவர்களுக்கு அப்போது இது தெரியாது. வளர்ந்து விமானம் கட்டியபின், 1908-இல் எழுதிய கட்டுரையில் அந்தச் சிறுவயதுத் தோல்வியை அவர்கள் நினைவுகூர்ந்தார்கள்.

ரைட் சகோதரர்கள் பெனோவின் வாலை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1903 விமானத்தில் ஏற்ற இறக்கத்துக்கான தளம் முன்னால் இருந்தது. ஓட்டுநர் ஓயாமல் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. பின்னாளில் வந்த பெரும்பாலான விமானங்கள் பெனோவைப் போல வாலைப் பின்னால் வைத்தன.

இவற்றையெல்லாம் காணப் பெனோ இல்லை. 1876-இல் இருவர் செல்லக்கூடிய, நீரிலும் இறங்கக்கூடிய விமானத்துக்கு அவர் காப்புரிமை பெற்றார். கட்டுவதற்குப் பணம் தர எவரும் முன்வரவில்லை. மனம் உடைந்த அவர் 1880-இல், 30-ஆம் வயதில், தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய பொம்மை இரு சிறுவர்களின் கையில் சேர்ந்து அப்போது இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

உங்கள் வீட்டு மொட்டைமாடியில்

பிற்காலத்தில் மாதிரி செய்வோருக்குக் கிடைத்த பெரிய வரம் பால்சா மரம். தென் அமெரிக்காவின் எக்குவடோர் நாட்டில் மிகுதியாக விளைவது. கன மீட்டருக்குச் சுமார் 160 கிலோகிராம் அடர்த்தியே உடையது. தேக்கின் அடர்த்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. 1940-இல் முதன்முதலாகப் பறந்த 'மாஸ்கிட்டோ' என்னும் பிரிட்டிஷ் போர் விமானத்தின் உடற்பகுதி, ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே பால்சாவை வைத்துச் செய்யப்பட்டது.

கல்லூரியில் நிலைப்புத் தன்மை பற்றிக் கரும்பலகையில் படம் வரைந்து நான் பாடம் நடத்துவது வழக்கம். சென்ற விடுமுறையில் என் மகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் விமானம் செய்ய வேண்டும் என்றார்கள். 25 செ.மீ. குச்சி உடல், ஒன்றரை மில்லிமீட்டர்த் தகட்டில் 25 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலத்தில் இறக்கை, நுனிகள் சற்று உயர்த்தி. பின்னால் சிறு வால். பிளேடு வேலை மட்டும் என்னுடையது. முதல் எறிதலில் அது மேலே ஏறி, தயங்கி, வால்பக்கமாகச் சரிந்து விழுந்தது. காரணம் எனக்குத் தெரியும். சொல்ல நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டு, களிமண் உருண்டையை மட்டும் கையில் கொடுத்தேன்.

வாலில் ஒட்டினார்கள், இன்னும் மோசமாக விழுந்தது. இறக்கையில் ஒட்டினார்கள், மாற்றமில்லை. ஏழாம் முறையோ எட்டாம் முறையோ, மூக்கில் ஒட்டினாள் என் மகள். விமானம் மாடியின் மறுகோடி வரை நேராகச் சறுக்கிச் சென்றது. "அப்பா, தலை கனமா இருக்கணும்பா!" என்று கத்தினாள். பெனோ கண்ட விதியில் பாதி அது!

பால்சா கிடைக்காவிட்டால் மெல்லிய தெர்மோகோல் தகடும் மூங்கில் குச்சியும் போதும். செய்து பாருங்கள்; வீட்டுப் பிள்ளைகளையும் செய்யவிடுங்கள். அது விழும்போது மட்டும் விடையைச் சொல்லிவிடாதீர்கள். பறக்க மறுத்த வௌவாலும் ரைட் சிறுவர்களுக்கு ஒரு பாடம்தானே?